அடித்துப் பழக்குவதா, அளித்துப் பழக்குவதா?

மாத்தளை மாவட்டத்தில் நாய் இல்லாத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நகரத்துக் கடைவீதியைக் கடந்து இரத்தோட்டைப் பக்கமாகவோ, உக்குவளைப் பக்கமாகவோ, எல்கடுவ மலைப்பாதை வழியாகவோ சற்றுத் தூரம் சென்றால், மிளகுக் கொடியும் கொக்கோவும் சாதிக்காயும் அடர்ந்த வீட்டுத்தோட்டம் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு நாய் நிற்கக் காணலாம். தேயிலைத் தோட்டத்து லயங்களிலோ காம்பராவுக்கு ஒன்று என்னுமளவுக்கு நாய்கள் உண்டு. இவை அழகுக்காக வளர்க்கப்படுவன அல்ல. பகலில் குரங்குக் கூட்டம் இறங்கிக் கொக்கோக் காய்களைக் கடித்தெறிகின்றது. இரவில் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் மரவள்ளிக் கிழங்கைத் தோண்டிச் செல்கின்றன. நக்கிள்ஸ் மலைச்சாரலை அடுத்த தோட்டங்களில் சிறுத்தை வந்து நாயையே கவ்விச் செல்வதும் உண்டு. நாய் குரைத்தால்தான் வீட்டுக்காரன் விழித்துக்கொள்கிறான். விஜயனின் தோழர்கள் இலங்கைக் கரையில் இறங்கியபோது ஒரு நாயைக் கண்டு, ஊர் இருக்குமிடத்தில்தானே நாய் இருக்கும் என்று ஊகித்ததாக மகாவமிசம் கூறுகின்றது. அந்த ஊகம் எங்கள் மாவட்டத்துக்கு இன்றும் பொருந்தும்.

இத்தகைய நாயிடம் நாம் எதிர்பார்ப்பவை சில உண்டு. குரங்கைக் கண்டு குரைக்கவேண்டும். பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையைக் கண்டு பாயலாகாது. கூப்பிட்டால் வரவேண்டும், யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையின் குறுக்கே ஓடலாகாது. தபாற்காரரை உள்ளே விடவேண்டும், திருடனை விடலாகாது. இவ்வளவையும் எதிர்பார்க்கும் நாம், இவற்றுள் ஒன்றையேனும் நாய்க்குக் கற்பித்தோமா என்று கேட்டால் பெரும்பாலோர் விடை சொல்லத் தயங்குவர். கற்பிக்காத பாடத்திலே பரீட்சை வைத்து, தவறிய மாணவனுக்குத் தண்டனை வழங்குவது போன்றதே இது. பாடசாலையிலேயே காலங்கழித்தவன் என்ற முறையில் இவ்வுவமை என் வாயில் எளிதாக வருகின்றது, நேயர்கள் பொறுத்தருள்க.

கற்பிக்க முன்வருவோருக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. எம்முறையைக் கைக்கொள்வது என்பதே அது. வீட்டுப் பெரியவர், “ஒரு தடி இருந்தால் போதும்” என்பார். பட்டாளத்திலோ பொலிசிலோ இருந்து ஓய்வு பெற்றவர், கழுத்துச் சங்கிலியை வெட்டி இழுத்துக் காட்டி, “நீர்தான் எசமான் என்பதை அதற்கு உணர்த்தவேண்டும்” என்பார். கைத்தொலைபேசியிற் படம் பார்த்த பேரனோ, “தாத்தா, அடிக்கக்கூடாது, இறைச்சித் துண்டு கொடுக்கவேண்டும்” என்பான். மூவரும் தத்தம் முறையாற் பழகிய நாயொன்றைச் சான்றாகக் காட்டவும் செய்வர். இவர்களுள் யார் சொல்வதைக் கேட்பது? அதனை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் தடியை எடுத்துக்கொள்வோம். நாலடியாரிலே யானையின் நட்பையும் நாயின் நட்பையும் ஒப்பிட்டு ஒரு செய்யுள் உண்டு. யானை நெடுநாட் பழகிய பாகனையே கொல்லும். நாயோ தன் உடம்பில் எசமான் எறிந்த வேல் தைத்து நிற்கும்போதும் வாலை ஆட்டும் என்பது அதன் கருத்து. நட்புக்கு இலக்கணம் கூறவந்த செய்யுள் அது. ஆனால், நாய் பழக்குவோர் அதனை வேறொரு நோக்கிலும் சிந்திக்கவேண்டும். அடிபட்ட நாய் திரும்பிவந்து காலை நக்குகின்றது. அதைக் கண்டு, அடி அதற்கு நல்லறிவு புகட்டிவிட்டது என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அது வாலாட்டுவது தன் இயல்பினால், அடியினால் அன்று. வேறெந்த விலங்கையேனும் அவ்வாறு அடித்திருந்தால் அது காட்டுக்கு ஓடியிருக்கும். நம் முறை தவறு என்பதும் ஒரே நாளில் விளங்கியிருக்கும். நாயின் பொறுமை நம் பிழையை நம்மிடமிருந்து மறைத்துவிடுகின்றது.

அடியினால் நாய் எதைக் கற்கின்றது என்று பார்ப்போம். படியில் இருந்த செருப்பைக் காலையில் நாய் கடித்துவிடுகின்றது. பிற்பகலில் வீடு திரும்பிய எசமான் செருப்பைக் காண்கிறார். நாயைக் கூப்பிடுகிறார். அது வருகின்றது. அடி விழுகின்றது. இங்கே நாயின் மனத்திற் பதிவது யாது? செருப்புக்கும் அடிக்கும் இடையே பல மணி நேரம் சென்றுவிட்டது. அடிக்குச் சற்று முன்னர் அது செய்த செயல் ஒன்றே ஒன்று: கூப்பிட்ட குரலுக்கு வந்தது. ஆகவே அடுத்த முறை கூப்பிட்டால் வருவதற்குத் தயங்கும். மேசையின் கீழே பதுங்கும். “பார்த்தீர்களா, செய்த குற்றம் அதற்குத் தெரிகின்றது, முகத்தைப் பாருங்கள்” என்று சொல்வோம். இந்தக் குற்ற முகத்தை அலெக்சாண்ட்ரா ஹொரோவிற்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றிலே சோதித்தார். தின்னக்கூடாத பண்டத்தைத் தின்ற நாயும் தின்னாத நாயும் எசமான் கடிந்தபோது ஒரே முகத்தையே காட்டின. தின்னாமலேயே கடியப்பட்ட நாய்களிடம் அம்முகம் இன்னும் மிகுதியாகக் காணப்பட்டது. அது குற்ற உணர்ச்சியன்று. எதிரே நிற்பவரின் சினத்தைக் கண்டு அஞ்சிய முகம்.

தடியைக் காட்டிலும் நுணுக்கமானது கழுத்துச் சங்கிலி முறை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியிலே பொலிஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் என்பவர் 1910 ஆம் ஆண்டில் நூலொன்று எழுதினார். இரண்டு உலக யுத்தங்களிலும் நாய்களைப் பழக்கியோருட் பலர் இவர் வழியையே பின்பற்றினர். அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் படங்களுக்கு நாய்களைப் பழக்கிய வில்லியம் கோலர் 1962 இல் எழுதிய நூல் இவ்வழியை இல்லந்தோறும் கொண்டுசென்றது. முறை இதுதான்: நாய் முந்தினால் சங்கிலி வெட்டி இழுக்கப்படும், கழுத்து இறுகும். எசமானின் காலடிக்கு வந்தவுடன் இறுக்கம் தளரும். அந்தத் தளர்ச்சியே நாய்க்குக் கிடைக்கும் வெகுமதி. மோஸ்ட் கண்மூடித்தனமானவர் அல்லர். செயலும் அதன் பயனும் ஒன்றையொன்று உடனடியாகத் தொடரவேண்டும் என்பதைத் தெளிவாக அறிந்திருந்தார். முறை பலிக்கவில்லை என்றும் சொல்லமுடியாது, பலித்தது. கேள்வி அதன் விலை பற்றியது. குழி தோண்டும் நாய்க்கு மருந்தாக அக்குழியை நீரால் நிரப்பி அதனுள் நாயின் தலையை அமிழ்த்துமாறு கோலரின் நூல் கூறுகின்றது. இம்முறையிலே கை தேர்ந்தவர் அளந்து செய்வார். கை தேராதவரோ அளவு தெரியாமல் செய்வார். பலிக்காதபோது இன்னும் பலமாகச் செய்வார். தண்டனைக்குரிய இயல்பு அது. 2005 ஆம் ஆண்டில் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை பாடசாலையில் உடற்றண்டனையை விலக்கியபோது, பிரம்பின்றி வகுப்பை எப்படி நடத்துவது என்று கேட்டவர்கள் பலர். வகுப்புகள் நடக்கத்தான் செய்கின்றன. பிள்ளையும் நாயும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. பழைய கருவி ஒன்றை விடும்போது நமக்கு உண்டாகும் கலக்கம் ஒன்று என்றே சொல்கின்றேன்.

“நீர்தான் எசமான் என்பதை உணர்த்தவேண்டும்” என்னும் வாதம் எங்கிருந்து வந்தது? ஓநாயிடமிருந்து வந்தது. 1947 ஆம் ஆண்டில் ருடோல்ப் ஷெங்கல் என்பவர் சுவிற்சர்லாந்தின் பாசல் விலங்கினச் சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பற்றி எழுதினார். அவை ஓயாமற் சண்டையிட்டன. வென்றது தலைமை பெற்றது. டேவிட் மெக் என்னும் அமெரிக்க அறிஞர் 1970 இல் வெளியிட்ட நூல் இக்கருத்தைப் பரப்பியது. நாயும் ஓநாயின் வழித்தோன்றலே. ஆகவே வீட்டிலும் ஒரு தலைவன் வேண்டும். நாயை மல்லாக்கப் புரட்டி அமுக்கிப் பிடித்தால் அது அடங்கும் என்று பழக்குநர் பலர் போதித்தனர். ஆனால் மெக் பின்னர் வட கனடாவின் எல்ஸ்மியர் தீவிலே காட்டு ஓநாய்களை ஆண்டுதோறும் நேரிற் கண்டார். அங்கே கூட்டம் என்பது தாயும் தந்தையும் குட்டிகளும் அடங்கிய குடும்பமே, தலைமைக்குப் போரில்லை. ஒருவருக்கொருவர் அன்னியரான ஓநாய்களை ஓரிடத்தில் அடைத்ததனாலேயே பழைய சண்டைகள் விளைந்தன. இதனை 1999 இல் எழுதி வெளியிட்டதோடு நில்லாது, தம் பழைய நூலை இனி அச்சிடவேண்டாம் என்று பதிப்பாளரையும் கேட்டுக்கொண்டார் அவர். ஓர் அறிஞர் தம் நூலைத் தாமே நிறுத்தக் கோருவது எளிதில் நடப்பதன்று. எனினும் நூல் போன வேகத்தில் திருத்தம் போகவில்லை. இன்றும் நாயைப் புரட்டி அமுக்குவோர் உளர், கடிபடுவோரும் உளர்.

இனி, கொடுத்துப் பழக்கும் முறைக்கு வருவோம். இதன் வேர் ரஷ்யாவில் உள்ளது. சமிபாட்டைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904 இல் நோபல் பரிசு பெற்ற பாவ்லோவ், உணவுக்கு முன்னர் ஓர் ஒலியைத் தொடர்ந்து எழுப்பிவந்தால், பின்னர் அவ்வொலி கேட்டமாத்திரத்திலேயே நாய்க்கு உமிழ்நீர் சுரப்பதைக் காட்டினார். அமெரிக்காவில் தோண்டைக் என்பவர் பூனைகளைக் கூண்டிலிட்டு, இன்பப் பயன் தரும் செயலையே விலங்கு மீண்டும் செய்கின்றது என்பதை 1898 இல் நிறுவினார். ஸ்கின்னர் இதனை விரித்து ஒரு கலையாக்கினார்; 1951 இல் விலங்குகளுக்குக் கற்பிப்பது எப்படி என்று பொதுமக்களுக்காகவே ஒரு கட்டுரையும் எழுதினார். ஆயினும் நாய் பழக்குவோர் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. கடற்பன்றி எனப்படும் டொல்பின்தான் அவர்களுடைய கண்ணைத் திறந்தது. ஹவாய்த் தீவில் 1960 களில் கரன் பிரையர் என்னும் பெண்மணி டொல்பின்களைப் பழக்க நேர்ந்தது. டொல்பினுக்குச் சங்கிலி பூட்டமுடியாது, தடியால் அடிக்கமுடியாது, சினந்தால் அது நீந்திப் போய்விடும். கையில் இருந்தவை ஒரு சீட்டியும் ஒரு வாளி மீனும் மட்டுமே. அவற்றைக் கொண்டே வளையத்தினூடே பாயவும் அழைத்தபோது வரவும் அவர் கற்பித்தார். கட்டமுடியாத விலங்குக்கே இம்முறை போதுமானால் வாசலில் கிடக்கும் நாய்க்கு ஏன் போதாது என்ற கேள்வி எழுந்தது. அவர் 1984 இல் எழுதிய நூல் அக்கேள்வியை உலகெங்கும் பரப்பியது.

சீட்டி எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். இம்முறையின் உயிர்நிலை அதுவே. நாய் அமர்ந்த கணத்துக்கும் நம் கை மடியிலிருந்து பாண் துண்டை எடுக்கும் கணத்துக்கும் இடையில் இரண்டு மூன்று விநாடிகள் கழிந்துவிடும். அதற்குள் நாய் எழுந்துவிடும். எழுந்ததற்கே பாண் கிடைத்ததாகக் கொள்ளும். ஆகவே அமர்ந்த அதே கணத்தில் “ஆம், அதுதான்” என்று அறிவிக்கும் குறுகிய ஒலி ஒன்று வேண்டும். மேல்நாட்டார் இதற்கெனக் கையிலடங்கும் சிறு கருவி ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். அமுக்கினால் ‘டிக்’ என்னும். நமக்கு அது வேண்டியதில்லை. ஜாம் போத்தலின் தகர மூடி நடுவில் அமுக்கினால் அதே ஒலியைத் தரும். அதுவும் இல்லையேல் நாக்கைத் தட்டி எழுப்பும் ஒலி போதும். என்றும் ஒரே விதமாக இருக்கவேண்டும் என்பதே விதி. முதலில், ஒலி எழுப்பி உடனே ஒரு துண்டு கொடுத்தல் என்று ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது முறை செய்யுங்கள். ஒலி கேட்டதும் நாய் உங்கள் கையை நோக்கத் தொடங்கிவிடும். அதன்பின் பாடம் தொடங்கலாம். துண்டை அதன் மூக்குக்கு மேலே உயர்த்திப் பின்னோக்கி மெல்லக் கொண்டுபோங்கள். தலை உயர, பின்பக்கம் தானே தாழும். நிலத்தைத் தொட்ட கணத்தில் ஒலி, பின்னர் துண்டு. தவறாமல் அமரத் தொடங்கிய பிறகே “இரு” என்ற சொல்லைச் சேருங்கள். நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர்மாறு. நாய்க்கு விளங்காத சொல்லை முதலில் பத்துத் தடவை கத்தி, அதன் பொருளைப் பின்னர் முதுகிலே அமுக்கிக் கற்பிக்கின்றோம்.

சொல்லைப் பற்றி இன்னொன்று. மாத்தளையிலே நாய்கள் இரு மொழிச் சூழலில் வளர்கின்றன. சிங்களத்தில் நாயை “வரென்” என்று கூப்பிட்டால் “வா” என்று பொருள். தமிழிலே புறப்படும்போது “வர்றேன்” என்றால் விடைபெறுகின்றோம் என்று பொருள். சிங்கள அயலவரிடமிருந்து வாங்கிய குட்டி, எசமான் ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று “வர்றேன்” என்றதும் பின்னாலேயே பஸ் தரிப்பிடம் வரை ஓடுமானால் குறை அதனுடையதன்று. வீட்டார் அனைவரும் ஒரு செயலுக்கு ஒரே சொல்லை வைத்துக்கொள்ளவேண்டும். தகப்பனார் “வா” என்றும், மகன் “கம்” என்றும், பாட்டி “இஞ்ச வந்து தொலை” என்றும் அழைத்தால் நாய் மூன்றையும் விட்டுவிடும்.

இம்முறைக்கு எதிராகச் சொல்லப்படும் தடைகள் இரண்டு. கையில் தீன் இருந்தால்தானே நாய் கீழ்ப்படியும் என்பது முதலாவது. கற்கும்வரை ஒவ்வொரு முறையும் கொடுக்கவேண்டும். கற்றபின் சில முறை கொடுத்துச் சில முறை விடவேண்டும். அவ்வாறு விட்டு விட்டுக் கிடைக்கும் வெகுமதியே பழக்கத்தை நீடிக்கச் செய்கின்றது என்பது ஸ்கின்னரின் ஆய்வுகளால் தெளிவாயிற்று. மாத்தளை பஸ் நிலையத்தில் அதிர்ஷ்டலாபச் சீட்டு வாங்குவோரைக் கவனித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இரண்டாவது தடை பாரதூரமானது. நாட்கூலியில் வாழும் குடும்பம் நாய்க்கு இறைச்சித் துண்டுக்கு எங்கே போகும்? நியாயமான கேள்வி. மேல்நாட்டு நூல்கள் இதற்கு விடை கூறுவதில்லை. ஆனால் விடை உண்டு. நாய்க்கு எப்படியும் ஒரு வேளையோ இரு வேளையோ சோறு வைக்கின்றோம். அதையே ஒரு பிடி எடுத்து, நெத்தலிக் கருவாட்டுத் தூளில் பிசைந்து, கடலை அளவு உருண்டைகளாக்கினால் ஒரு நாட் பாடத்துக்குப் போதும். பசித்த வேளையில், சோறு வைப்பதற்கு முன்னர், ஐந்து நிமிடம் பழக்கினால் போதும். உணவு மட்டுமே வெகுமதியும் அன்று. வாசற்கதவு திறப்பதும், சங்கிலி அவிழ்வதும், பிள்ளை பந்து எறிவதும் நாய்க்கு வெகுமதிகளே. எங்கள் பகுதியினர் ஒன்றை மட்டும் மறக்கலாகாது: சொக்கலேட்டும், முற்றத்திற் காயப்போட்ட கொக்கோ விதையும் நாய்க்கு நஞ்சாகும்.

கொடுத்துப் பழக்கும் முறைக்கு எல்லை இல்லையா என்றால், உண்டு. ஸ்கின்னரின் மாணவரான பிறீலண்ட் தம்பதியர் பலவகை விலங்குகளைத் தொழிலாகவே பழக்கியவர்கள். அவர்கள் 1961 இல் எழுதிய கட்டுரையிலே தம் தோல்விகளை மறையாது எடுத்துரைத்தனர். நாணயத்தைப் பெட்டியில் இடக் கற்றுக்கொண்ட ரக்கூன் என்னும் விலங்கு, நாளடைவில் நாணயங்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே நின்றது. தீன் கிடைக்காதபோதும் விடவில்லை. பிறவி இயல்பு கற்பித்த பாடத்தை மேவிவிட்டது. இது நமக்கும் பயன்படும் செய்தி. ஓடும் முயலைத் துரத்தாதே என்று வேட்டை இனத்து நாய்க்குச் சோற்றுருண்டையால் முற்றாகக் கற்பித்துவிட முடியாது. அவ்வாறான இடத்தில் வேலியும் கயிறும்தான் வேண்டும். சிறுத்தை நடமாடும் தோட்டங்களில் இரவில் நாயை உள்ளே எடுத்துக் கதவடைப்பதை எப்பயிற்சியாலும் ஈடுசெய்ய முடியாது.

முறைகளை நேருக்குநேர் ஒப்பிட்ட ஆய்வுகள் அண்மைக் காலத்தில் வந்துள்ளன. போர்த்துக்கல் நாட்டிலே 2020 இல் வெளியான ஆய்வொன்றில் வெவ்வேறு பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 நாய்கள் சோதிக்கப்பட்டன. தண்டனையைக் கையாண்ட பள்ளிகளின் நாய்களிடம், பயிற்சிக்குப் பின்னர் கோட்டிசோல் என்னும் சுரப்பு உமிழ்நீரில் உயர்ந்திருந்தது. அது உளநெருக்கடியின் அறிகுறி. அதைவிட நுட்பமானது அவர்கள் செய்த இன்னொரு சோதனை. அறையின் ஒரு பக்கத்திலே கிண்ணத்தில் உணவு இருக்கும். மறுபக்கத்திலே கிண்ணம் வெறுமையாக இருக்கும். நாய் இதனை அறிந்துகொண்டபின் கிண்ணத்தை நடுவில் வைத்தனர். இருக்குமோ, இராதோ? நல்லதை எதிர்பார்க்கும் நாய் விரைந்து செல்லும். கடுந்தண்டனைப் பள்ளிகளின் நாய்கள் தயங்கித் தயங்கிச் சென்றன. பயிற்சி முடிந்து வீட்டிலிருக்கும்போதும் அவற்றின் உள்ளம் தீமையையே எதிர்பார்த்திருந்தது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார், மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டியை வெகுமதி முறையோடு ஒப்பிட்டனர். கூப்பிட்டால் வரும் பாடத்தில் மின்பட்டி எவ்வகையிலும் விஞ்சவில்லை என்று அவர்களுடைய 2020 ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. வேல்ஸ் நாடு அத்தகைய பட்டியை 2010 இலேயே தடைசெய்துவிட்டது. அடித்துப் பழக்குவது கொடியது என்பதோடு, பயனிலும் மேம்பட்டதன்று என்பது இவற்றால் பெறப்படுகின்றது. எனக்கு இரண்டாவதே வலிய வாதமாகத் தோன்றுகின்றது. கொடுமை என்று சொன்னால் நம்மவர் சிரிப்பர். வீண்வேலை என்று சொன்னால் கேட்பர்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று காண வெகுதூரம் போகவேண்டியதில்லை. இலங்கைப் பொலிசின் நாய்ப் பிரிவு 1948 இல் தொடங்கியது; மாத்தளையிலிருந்து கண்டி சென்றால் அஸ்கிரியவிலே அதன் தலைமையிடம் உண்டு. போதைப்பொருளையும் வெடிமருந்தையும் மோப்பம் பிடிப்பது இன்று பொலிஸ் நாய்களின் முக்கிய பணிகளில் ஒன்று. 2002 ஆம் ஆண்டு யுத்த நிறுத்தத்தின் பின்னர் வடக்கிலே கண்ணிவெடி அகற்றும் பணியிலும் நாய்கள் ஈடுபடுத்தப்பட்டன. மோப்பத்தை அடித்துக் கற்பிக்க இயலாது என்பதைச் சிறிது சிந்தித்தாலே உணரலாம். மணம் எங்கே இருக்கின்றது என்பது நாய்க்குத்தான் தெரியும்; மனிதனுக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொல்ல அது விரும்பவேண்டும். சொல்வதற்கு அஞ்சும் நாய் வெடியைக் கடந்து சென்றுவிடும். எசமானுக்கு அஞ்சி, அவரைத் திருப்திப்படுத்த வெறும் நிலத்திலே அமர்ந்து காட்டும் நாயாலும் பயனில்லை. ஆகவே உலகெங்கும் மோப்ப நாய்க்கு மணம் என்பது பந்து விளையாட்டின் தொடக்கம் என்றே கற்பிக்கப்படுகின்றது.

எம்முறையைத் தேர்ந்தாலும் அதற்கு முந்திய காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பார் ஹாபர் ஆய்வுகூடத்தில் ஸ்கொட், புல்லர் என்னும் இருவர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965 இல் நூலாக வெளியிட்டனர். பிறந்து மூன்றாம் கிழமை முதல் ஏறக்குறையப் பன்னிரண்டாம் கிழமை வரை குட்டி எவரெவரைக் கண்டு பழகுகின்றதோ அவர்களையே பின்னர் தன்னவராகக் கொள்ளும் என்பது அவர்கள் முடிபு. நம் ஊர்களில் இக்காலம் எங்கே கழிகின்றது? பெரும்பாலும் குசினியின் பின்புறத்தில், ஒரு முழக் கயிற்றில். நல்ல காவல் நாயாக வரவேண்டும் என்று அன்னியரைக் காட்டாமலே வளர்க்கின்றோம். அது கண்ட முகங்கள் நாலைந்து. வெள்ளைச் சீருடையும் புத்தகப் பையும் அணிந்த பிள்ளைகள் அவற்றுள் இல்லை. ஒரு நாள் கயிறு அறும். அல்லது யாரோ அவிழ்த்துவிடுவர். காலை ஏழு மணிக்கு லயத்துப் பாதையிலே பிள்ளைகள் வரிசையாக வருவர். கடிபட்ட காலுடன் பாடசாலைக்கு வரும் பிள்ளையைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அந்த நாயை யார் எவ்வாறு வளர்த்தார் என்று விசாரிக்கும்போது எனக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் இதுவே. குட்டியை இரண்டாம் மாதத்திலேயே கையில் ஏந்தி, லயத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு சோற்றுருண்டை கொடுக்கச் செய்தால் அதன் காவற்குணம் கெட்டுவிடாது. யார் எவர் என்று பிரித்தறியும் குணமே வளரும். விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கம் இலவசமாகவே போடுகின்றது. அதைத் தவறவிட எவருக்கும் காரணமில்லை.

உறுமுதலைப் பற்றி ஒரு வார்த்தை. நாய் உறுமினால் அடிப்பது நம் வழக்கம். உறுமல் குற்றமன்று, எச்சரிக்கை. “எனக்கு அச்சமாயிருக்கின்றது, விலகு” என்பதே அதன் பொருள். அதற்காகப் பலமுறை அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடும், அச்சத்தை விடாது. பின்னர் அது முன்னறிவிப்பின்றிக் கடிக்கும். “ஒரு சத்தமும் போடாமல் கடித்துவிட்டது” என்று சொல்லப்படும் நாய்களிற் பலவற்றுக்கு அச்சத்தத்தை நிறுத்தக் கற்பித்தவர்கள் நாமே.

அப்படியானால் நாயிடம் ‘வேண்டாம்’ என்றே சொல்லலாகாதா என்று சிலர் கேட்பர். சொல்லலாம். நெடுஞ்சாலையில் பாயும் நாயைக் கழுத்துப்பட்டியைப் பற்றி இழுப்பது கொடுமையன்று, கடமை. பாய்ந்து மேலே ஏறும் நாய்க்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பதும், கடித்து விளையாடும் குட்டியை விட்டு எழுந்து போவதும் தண்டனைகளே. அவற்றால் அச்சம் பிறப்பதில்லை, விளையாட்டு மட்டும் நின்றுவிடுகின்றது. இரண்டையும் கலந்து செய்வதே சிறந்தது என்பாரும் உளர். அன்பும் வேண்டும், அதட்டலும் வேண்டும் என்பது அவர்கள் கட்சி. கேட்பதற்கு நடுநிலையாக இருக்கின்றது. ஆயினும், தீனும் அடியும் ஒரே கையிலிருந்து வந்தால் அக்கை நீளும்போது எது வரப்போகின்றது என்று நாய் அறியாது. அதைவிட, நாய் தவறு செய்ய இடமில்லாதபடி வீட்டை ஒழுங்குபடுத்துவது சுலபம். செருப்பை இறப்பில் செருகிவிட்டால் செருப்புப் பாடமே தேவையில்லை.

பணம் கொடுத்துப் பழக்குநரை அமர்த்துவோரும் இப்பொழுது நம் நகரங்களில் உளர். அவர்கள் பழக்குநரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்? தவறாகச் செய்தால் என்ன செய்வீர்? மீண்டும் தவறினால்? மூன்றாவது கேள்விக்கு வரும் விடையைக் கூர்ந்து கேளுங்கள். கழுத்துச் சங்கிலி வெளிவருவது அங்கேதான். நாயை ஒரு மாதம் விட்டுச் செல்லுங்கள், இடையில் வந்து பார்க்கவேண்டாம் என்று அவர் சொல்வாரானால், நாயை வீட்டுக்கே அழைத்து வந்துவிடுங்கள்.